பழைய படத்தில் இருப்பது எந்த லக்கோட்டா தலைவர்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இறகுத் தலையணி, இரட்டைப் பின்னல், இறுகிய முகம். இப்படி ஒரு படத்தைப் பார்த்ததும் கீழே 'சிட்டிங் புல்' என்று எழுதிவிடுவது வழக்கமாகிவிட்டது. பல வருடங்களாக இந்தப் படங்களோடு மல்லுக்கட்டியதில் எனக்குப் பழகிப்போன முறை ஒன்றுதான்: முகத்தைக் கடைசியில் பார்ப்பது. அதற்கு முன்னால் கேட்க வேண்டியவை நிறைய இருக்கின்றன. என்னிடம் அடிக்கடி வரும் கேள்விகளுக்கு அந்த முறையிலேயே இங்கே பதில் சொல்கிறேன்.

லக்கோட்டா என்றால் யார்? சூ, செவ்விந்தியர் எல்லாம் ஒன்றுதானா?

இல்லை. 'செவ்விந்தியர்' என்பது நாம் பள்ளிப் புத்தகத்தில் படித்த சொல். வட அமெரிக்காவின் நூற்றுக்கணக்கான இனங்களையும் ஒரே மூட்டையில் கட்டிவிடும் சொல் அது. 'சூ' என்பது பிறர் வைத்த பெயர், பிரெஞ்சுக்காரர்கள் வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. அந்தப் பெயருக்குள் அடங்குகிறவர்களில் மேற்கே, சமவெளியில் வாழ்ந்தவர்கள் லக்கோட்டாக்கள். இன்றைய தெற்கு, வடக்கு டக்கோட்டா மாநிலங்களும் அவற்றைச் சுற்றியுள்ள பகுதிகளும் அவர்களுடைய நிலம். அவர்களுக்குள் ஏழு பிரிவுகள். படங்களில் அடிக்கடி வருகிறவர்கள் ஒக்லாலா, சிச்சாங்கு, ஹங்க்பாப்பா, மினிக்கொஞ்சு பிரிவினர். எந்தப் பிரிவு என்பது ஏதோ கூடுதல் தகவல் அல்ல. ஆளைக் கண்டுபிடிப்பதில் பாதி வேலையே அதுதான். ஏன் என்று அடுத்த பதிலில் தெரியும்.

'சிட்டிங் புல், 1875' என்று ஒரு படம் கிடைத்தது. ரெட் கிளவுட், ஸ்பாட்டட் டெயில் எல்லாரும் கூடவே இருக்கிறார்கள். உண்மையா?

படம் உண்மை. பெயரும் உண்மை. ஆனால் நீங்கள் நினைக்கும் ஆள் அவர் இல்லை.

இந்த ஒரு படத்தால் வந்த குழப்பம் கொஞ்சநஞ்சமல்ல. 1875-இல் ஒமாஹா நகரில் ஃபிராங்க் கரியர் என்ற புகைப்படக்காரர் எடுத்தது. ரெட் கிளவுட், ஸ்பாட்டட் டெயில், ஸ்விஃப்ட் பேர், சிட்டிங் புல் ஆகிய நான்கு தலைவர்கள் இருக்கிறார்கள். கூடவே ஜூலியஸ் மேயர் என்ற ஒமாஹா வியாபாரி. பழங்குடிக் கைவினைப் பொருள்களை விற்றவர், மொழிபெயர்ப்பாளராகவும் இருந்தவர். அந்த வருடம் லக்கோட்டா தூதுக்குழு ஒன்று வாஷிங்டன் போய் வந்தது. அதில் இருந்த சிட்டிங் புல் ஒரு ஒக்லாலா. அமெரிக்க ராணுவ அதிகாரி கஸ்டரின் படை அழிந்த லிட்டில் பிக்ஹார்ன் போரோடு சேர்த்து உலகம் நினைவு வைத்திருக்கும் சிட்டிங் புல் ஒரு ஹங்க்பாப்பா. பெயர் ஒன்று, ஆள் இரண்டு.

ஹங்க்பாப்பா சிட்டிங் புல், லக்கோட்டா மொழியில் தத்தாங்கா இயோட்டாக்கே, 1875-இல் எந்த அரசு ஏஜென்சியிலும் (பழங்குடிகளைக் குடியேற்றி நிர்வகித்த மையம்) தங்காமல் மேற்கே வேட்டை நிலத்தில் இருந்தார். 1877-இல் எல்லை தாண்டிக் கனடா போனார். 1881 ஜூலையில் ஃபோர்ட் பியூஃபோர்டில் சரணடைந்தார். அவருடையது என்று உறுதியாகத் தெரிந்த முதல் படத்தை அதே வருடம் ஆர்லாண்டோ காஃப் எடுத்தார். ஆக 1881-க்கு முந்தைய தேதியோடு 'சிட்டிங் புல்' என்று ஒரு படம் வந்தால், முகத்தைப் பார்க்கவே தேவையில்லை. ஒன்று தேதி தவறு, இல்லையென்றால் அது வேறு ஆள்.

அந்த ஒக்லாலா சிட்டிங் புல்லின் கதை வேறு. வெள்ளையர்களோடு சமாதானமாகப் போனவர் என்பதால் அவரை 'நல்ல சிட்டிங் புல்' என்றும் எழுதினார்கள். ஜனாதிபதி கிராண்ட் பெயரால் அவருக்குப் பெயர் பொறித்த ஹென்றி ரைஃபிள் ஒன்று பரிசாகக் கிடைத்தது. 1876 டிசம்பரில் டங் நதிக்கரை ராணுவ முகாமுக்குச் சமாதானம் பேசப் போனபோது, ராணுவத்தோடு இருந்த குரோ என்ற வேறோர் இனத்து ஸ்கவுட்டுகள் (உளவு பார்க்கும் துணைவீரர்கள்) அவரைக் கொன்றுவிட்டார்கள். சமாதானத்துக்காக உயிரை விட்ட மனிதர், இன்றைக்கு இணையத்தில் இன்னொருவரின் பெயருக்குக் கடன் கொடுத்த முகமாக நிற்கிறார்.

பெயர் ஒன்று, ஆள் இரண்டு என்பது அபூர்வமா?

அபூர்வம் இல்லை. அப்பா பெயர் மகனுக்குப் போகும், மாமா பெயர் மருமகனுக்கு. ஒருவருக்கே வாழ்நாளில் இரண்டு மூன்று பெயர்கள் இருக்கும். தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கும் நமக்கு இது புரியாத விஷயமல்ல.

அமெரிக்கன் ஹார்ஸ் என்ற பெயரில் இருவர் உண்டு. மூத்தவர் 1876 செப்டம்பரில் ஸ்லிம் பியூட்ஸ் சண்டையில் பட்ட காயத்தால் இறந்தார். இளையவர் ஒக்லாலா தலைவர், 1908 வரை வாழ்ந்தார், பலமுறை படமெடுக்கப்பட்டவர். 1880களின் படத்துக்குக் கீழே 'ஸ்லிம் பியூட்ஸ் வீரர்' என்று போட்டால் இறந்தவரை எழுப்பி உட்கார வைத்த மாதிரி ஆகிவிடும்.

தஷுங்க்கே கோகிபாப்பி என்ற பெயரும் தந்தை, மகன் இருவருக்கும் உண்டு. ஆங்கிலத்தில் இதைக் 'குதிரைகளுக்குப் பயந்தவன்' என்று பொருள்படும்படி மொழிபெயர்த்துவிட்டார்கள். உண்மைப் பொருள் தலைகீழ்: அவனுடைய குதிரையைப் பார்த்தாலே எதிரி நடுங்குவான். 'ஓல்ட் மேன்' என்று இருந்தால் தந்தை, 'யங் மேன்' என்று இருந்தால் மகன். அந்த அடைமொழி இல்லாமல் பெயர் மட்டும் இருந்தால் தேதியை வைத்துத்தான் பிரிக்க வேண்டும். ரெட் கிளவுட்டின் மகன் ஜாக் ரெட் கிளவுட் விஷயத்திலும் இதே கவனம் தேவை.

கிரேஸி ஹார்ஸ் படம் என்று ஒன்று சுற்றுகிறதே?

எல்லாரும் ஒப்புக்கொண்ட கிரேஸி ஹார்ஸ் படம் இன்றுவரை ஒன்றுகூடக் கிடையாது.

தஷுங்கா வித்கோ என்ற அந்த ஒக்லாலா வீரர் 1877 மே 6 அன்று தன் மக்களோடு சரணடைந்தார். செப்டம்பர் 5 அன்று நெப்ராஸ்காவின் ராபின்சன் முகாமில் துப்பாக்கி முனையில் பொருத்திய கத்தியால் குத்தப்பட்டு இறந்தார். புகைப்படக்காரர்கள் கைக்கெட்டும் தூரத்தில் அவர் இருந்தது இடைப்பட்ட நான்கு மாதம் மட்டும். வாஷிங்டனுக்கும் அவர் போகவே இல்லை. அங்கிருந்த ராணுவ மருத்துவர் மெக்கிலிகடி அவரோடு நெருங்கிப் பழகியவர். படமெடுக்கக் கேட்டும் அவர் சம்மதிக்கவில்லை என்று பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார்.

சுற்றும் படங்களில் பிரபலமானது ஒரு டின்டைப், அதாவது கருப்புப் பூச்சுப் பூசிய மெல்லிய இரும்புத் தகட்டில் எடுத்த படம். வரைந்த திரைக்கு முன்னால் ஒருவர் நிற்கிறார், மார்பில் நீண்ட எலும்புக் குழல்களைக் கோத்த அகலமான மார்பணி. 'லிட்டில் பேட்' எனப்பட்ட ஸ்கவுட் பாப்டிஸ்ட் கார்னியரின் குடும்பத்திடமிருந்து வந்ததாக வரலாறு சொல்கிறார்கள். இப்போது மொன்டானாவில், லிட்டில் பிக்ஹார்ன் போர்க்களத்துக்கு அருகே ஒரு தனியார் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இது அவர்தான் என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள்.

எனக்கு நம்பிக்கை இல்லை, காரணம் சொல்கிறேன். 1870-இல் ஒரு பெண் தொடர்பான சண்டையில் நோ வாட்டர் என்பவர் கிரேஸி ஹார்ஸை முகத்திலேயே சுட்டார். குண்டு மூக்குக்குக் கீழே பாய்ந்து மேல்தாடையை உடைத்தது. அந்தத் தழும்பை அவரைப் பார்த்தவர்கள் குறிப்பிட்டிருக்கிறார்கள். இந்தப் படத்தில் அதைத் தெளிவாகக் காட்ட யாராலும் முடியவில்லை. அவர் அலங்காரத்தை விரும்பாதவர், எளிமையாக உடுத்தியவர் என்பதும் எல்லாருடைய நினைவிலும் இருக்கிறது. படத்தில் இருப்பவரோ மாப்பிள்ளைக் கோலத்தில் இருக்கிறார். அந்த அகல மார்பணியும் திரையும் 1877-க்குப் பிந்தைய பாணி என்று சந்தேகிப்பவர்களும் உண்டு.

தெற்கு டக்கோட்டாவில் 1948-இல் தொடங்கி இன்னும் செதுக்கிக்கொண்டிருக்கும் கிரேஸி ஹார்ஸ் மலைச்சிற்பத்தின் முகம் எந்தப் படத்தையும் பார்த்துச் செய்ததல்ல. அதை ஆதாரமாக வைத்து ஒப்பிடுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன்!

படம் எடுத்த காலத்தை எப்படிக் கணிப்பது?

முதலில் படத்தைத் திருப்புங்கள். அட்டையின் பின்பக்கம் முன்பக்கத்தைவிட அதிகம் பேசும்.

சுமார் இரண்டரைக்கு நான்கு அங்குல அட்டை என்றால் கார்ட் டி விசிட் வகை. நாலேகாலுக்கு ஆறரை என்றால் கேபினட் கார்டு, இது 1866-க்குப் பிறகு வந்தது. ஸ்டூடியோவின் பெயரும் ஊரும் அட்டையில் அச்சாகியிருக்கும். இங்கேதான் பலரும் வழுக்கி விழுகிறார்கள். டேவிட் பாரி என்ற புகைப்படக்காரரை எடுத்துக்கொள்ளுங்கள். 1880களில் பிஸ்மார்க் நகரிலும் சுற்றியிருந்த கோட்டைகளிலும் படமெடுத்தார். 1890-இல் விஸ்கான்சினின் சுப்பீரியர் நகருக்குக் குடிபெயர்ந்து, 1934-இல் சாகும்வரை அங்கேதான் இருந்தார். பழைய கண்ணாடி நெகட்டிவ்களிலிருந்து புதுப் பிரதிகள் போட்டு விற்றுக்கொண்டே இருந்தார். ஆக, அட்டையில் 'சுப்பீரியர்' என்று இருந்தால் அந்தப் பிரதி 1890-க்குப் பிந்தையது. படம் 1881-இல் எடுத்ததாக இருக்கலாம். அட்டைக்கு ஒரு வயது, படத்துக்கு ஒரு வயது.

இன்னொரு தடயம் கழுத்தில் தொங்கும் பதக்கம். அமெரிக்க ஜனாதிபதிகள் தலைவர்களுக்குக் கொடுத்த சமாதானப் பதக்கங்கள் ஜெஃபர்சன் காலத்திலிருந்து கிராண்ட் காலம் வரை வட்டமாக இருந்தன. 1877-இல் பதவிக்கு வந்த ஹேய்ஸ் காலத்தில் முட்டை வடிவத்துக்கு மாறின. முட்டை வடிவப் பதக்கம் தெரிந்தால் படம் 1877-க்கு முந்தையது அல்ல. வட்டமாக இருந்தால் ஒன்றும் சொல்ல முடியாது, ஏனென்றால் அப்பாவின் பதக்கத்தை மகன் போட்டிருக்கலாம்.

'ஃபோர்ட் லாரமி ஒப்பந்தம், 1868, ரெட் கிளவுட்' என்ற படம்?

அமெரிக்க அரசும் லக்கோட்டாக்களும் செய்த அந்த ஒப்பந்தத்தின் பேச்சுவார்த்தையை அங்கே படமெடுத்தவர் அலெக்சாண்டர் கார்ட்னர். அவர் அங்கு இருந்தது ஏப்ரல், மே மாதங்களில். ரெட் கிளவுட், தங்கள் நிலத்தில் இருந்த ராணுவக் கோட்டைகள் காலியாகும் வரை காத்திருந்து நவம்பரில் வந்து கையெழுத்திட்டார். இருவரும் அங்கே சந்திக்கவே இல்லை. ரெட் கிளவுட்டின் முதல் படங்கள் 1872-இல், வாஷிங்டனில், மாத்யூ பிரேடியின் ஸ்டூடியோவில் எடுத்தவை. கார்ட்னரும் அதே பயணத்தில்தான் அவரைப் படமெடுத்தார். இந்த இரண்டையும் சேர்த்துக் குழப்பியதுதான் அந்தத் தலைப்பு.

மற்றபடி ரெட் கிளவுட் நமக்கு வசதியான ஆள். 1872-இலிருந்து 1909-இல் இறக்கும்வரை நூற்றுக்கும் மேற்பட்ட முறை படமெடுக்கப்பட்டவர். அவர் முகம் வயதாகும் வரிசையை அப்படியே பின்தொடரலாம். கடைசி வருடங்களில் பார்வை போய்விட்டது. அதுவும் படங்களில் தெரியும்.

உடையை வைத்து ஆளைச் சொல்லலாமா?

ஆபத்து. ஸ்டூடியோவில் சட்டை, புகைக்குழாய், தலையணி எல்லாம் தயாராகத் தொங்கும். வந்தவர் எதைப் போட்டுக்கொண்டாலும் 'தலைவர்' ஆகிவிடலாம். ஒரே சட்டை இரண்டு மூன்று பேர் உடம்பில் வருவதுண்டு. அப்போது அந்தச் சட்டை ஆளைச் சொல்லாது, எந்த ஸ்டூடியோ என்று மட்டும் சொல்லும். அதுவும் உதவிதான்.

இதன் மறுபக்கமும் உண்டு. 1898-இல் நியூயார்க்கில் கெர்ட்ரூட் கேஸ்பியர் என்ற புகைப்படக் கலைஞர், பஃபலோ பில் என்பவர் ஊர் ஊராக நடத்திய 'வைல்ட் வெஸ்ட்' காட்சியில் வந்த லக்கோட்டாக்களைப் படமெடுத்தார். அயர்ன் டெயிலின் தலையணியையும் அணிகளையும் கழற்றச் சொல்லி, வெறும் முகத்தை எடுத்தார். படத்தைப் பார்த்த அயர்ன் டெயில் அதைக் கிழித்துப் போட்டுவிட்டாராம். அப்புறம் முழுத் தலையணியோடு ஒன்று எடுத்துக் கொடுத்தார். தன்னை எப்படிக் காட்ட வேண்டும் என்று அவருக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தது. 1913-இல் வந்த எருமை நாணயத்தின் முகத்துக்கு மாதிரியாக இருந்தவர்களில் இதே அயர்ன் டெயிலும் ஒருவர்.

கருப்பு வெள்ளைப் படத்தில் நிறம் எதற்கு?

இருக்கிறது வேலை. அந்தக் கால ஈரத்தகடு (ரசாயனப் பூச்சு ஈரமாக இருக்கும்போதே படமெடுக்கும் தகடு) நீலத்தை மட்டும்தான் நன்றாக உணரும். நீலம் ஏறத்தாழ வெள்ளையாக விழும், சிவப்பும் மஞ்சளும் கறுத்துவிடும். ஒக்லாலாக்களின் 'சட்டை அணிவோர்' என்ற தலைவர்களின் மரியாதைச் சட்டையில் மேல்பாதி நீலம், கீழ்பாதி மஞ்சள். நேரில் பார்த்தால் இரண்டும் பளிச்சென்று இருக்கும். படத்தில் தோள் வெளுத்து, இடுப்பு கறுத்துத் தெரியும். அதை 'வெள்ளைத் தோல் சட்டை, கீழே அழுக்கு' என்று வர்ணித்த குறிப்பு ஒன்றைப் படித்துத் தலையில் அடித்துக்கொண்டேன். முகத்தில் கருப்புப் பட்டை தெரிந்தால் அது சிவப்புச் சாயமாக இருக்கலாம். நீலச் சாயம் பூசியிருந்தால் படத்தில் மறைந்தே போயிருக்கலாம்.

இடது வலது மாறுமா?

டின்டைப்பில் மாறும். தகட்டில் விழுந்த பிம்பமே படம் என்பதால் கண்ணாடியில் பார்ப்பது போலிருக்கும். பில்லி த கிட் என்ற பிரபலக் கொள்ளைக்காரர் இடதுகைக்காரர் என்று பல காலம் நம்பியதே ஒரு டின்டைப்பைப் பார்த்துத்தான். வின்செஸ்டர் துப்பாக்கியில் தோட்டா போடும் வாசல் வலப்பக்கம் இருக்கும், படத்தில் அது இடப்பக்கம் இருந்ததைக் கவனித்த பிறகு குட்டு உடைந்தது. லக்கோட்டா படங்களிலும் கோட்டுப் பொத்தான், துப்பாக்கி, பதக்கத்தின் எழுத்து இவற்றைப் பாருங்கள். தழும்பு எந்தக் கன்னம் என்று வாதாடும் முன் இதைச் செய்வது நல்லது. கண்ணாடி நெகட்டிவிலிருந்து பேப்பரில் போட்ட பிரதிகளில் இந்தப் பிரச்சினை இல்லை, நெகட்டிவைத் திருப்பிப் போட்டுப் பிரதியெடுத்திருந்தால் ஒழிய.

ஒரே படம் இரண்டு புகைப்படக்காரர் பெயரில் வருகிறதே?

மேலே சொன்ன காஃபிடம் தொழில் கற்றவர்தான் பாரி. குருவின் படங்கள் பல சிஷ்யன் பெயரில் விற்பனையாகின. நெகட்டிவ் யார் கையில் இருக்கிறதோ அவர் பெயர் அட்டையில் ஏறும், அப்போதைய வழக்கம் அது. அதனால் 'பாரி எடுத்தது' என்பதை 'பாரி விற்றது' என்று படித்தால் பிழை குறையும்.

பாரி கதை சொல்வதிலும் கெட்டிக்காரர். ஹங்க்பாப்பா தலைவர் 'கால்' என்பவர் (Gall, லக்கோட்டாவில் பிஸி) 1881-இல் எடுத்த தன் படம் பிடிக்காமல், கத்தியோடு நெகட்டிவை அழிக்க வந்ததாகவும் தான் துப்பாக்கியை எடுத்ததாகவும் சொல்லியிருக்கிறார். அதில் எவ்வளவு உண்மை என்பது அவருக்கே வெளிச்சம். படம் மட்டும் பிரமாதம்.

முகத்தை அடையாளம் காணும் ஆப் இருக்கிறதே, அதில் போட்டால்?

போடலாம், ஏதோ ஒரு பெயரைச் சொல்லும். இல்லை என்று சொல்லத் தெரியாத உறவினர் மாதிரி. ஒப்பிட அது எடுத்துக்கொள்ளும் படங்களிலேயே பாதி தவறான பெயரோடு இருக்கும்போது விடை மட்டும் எப்படிச் சரியாகும்? கண்ணால் ஒப்பிட வேண்டுமென்றால் காதைப் பாருங்கள். மடல் ஒட்டியிருக்கிறதா, தொங்குகிறதா, மேல் வளைவு எப்படி என்று. வெளிச்சமும் முகபாவமும் மாறினாலும் காதின் அமைப்பு அவ்வளவாக மாறாது. பின்னல் மறைத்திருந்தால் அதுவும் போச்சு.

'தலைவர் சியாட்டில் பேச்சு' என்று தமிழில் சுற்றும் பதிவுகளில் இருக்கும் படம் யாருடையது?

நான் பார்த்தவற்றில் பெரும்பாலும் ஏதோ ஒரு சமவெளித் தலைவர், பல நேரம் லக்கோட்டா. சியாட்டில் பசிபிக் கரையைச் சேர்ந்த சுக்குவாமிஷ், டுவாமிஷ் மக்களின் தலைவர், 1866-இல் இறந்தவர். இறகுத் தலையணி அவர்கள் வழக்கமே அல்ல. அவரை நேரில் எடுத்த படமாக அறியப்படுவது 1860களில் எடுத்த ஒன்றுதான், அதில் கண்கள் மூடியது போலிருக்கும். கண் திறந்திருப்பது போல் பிற்காலத்தில் திருத்திய பிரதிகளும் உண்டு. அந்தப் பேச்சின் பிரபலமான வடிவமும் 1970களின் தொடக்கத்தில் ஒரு திரைக்கதைக்காக எழுதியது. படமும் அவருடையதல்ல, பேச்சும் அவருடையதல்ல, பகிர்வு மட்டும் லட்சக்கணக்கில்.

வூண்டட் நீ படங்களைப் பகிரலாமா?

தெற்கு டக்கோட்டாவின் வூண்டட் நீ என்ற இடத்தில் அமெரிக்க ராணுவம் லக்கோட்டாக்களைச் சுட்டுக் கொன்ற 1890 டிசம்பர் 29 படுகொலைக்குச் சில நாள் கழித்து, பனியில் உறைந்த உடல்களை ஜார்ஜ் டிரேகர் என்பவர் படமெடுத்தார். மினிக்கொஞ்சு தலைவர் பிக் ஃபுட்டின் உடலும் அதில் ஒன்று. அவருடைய இன்னொரு பெயர் ஸ்பாட்டட் எல்க். அந்தப் படங்களை அப்போதே காசுக்கு விற்றார்கள். சட்டப்படி இன்று யாருக்கும் உரிமைத் தடை இல்லை. ஆனால் அந்தப் பனியில் கிடப்பவர்களின் கொள்ளுப்பேரர்கள் இன்றும் அதே மண்ணில் வாழ்கிறார்கள். நான் அவற்றைப் பகிர்வதில்லை. பிக் ஃபுட் யார் என்று சொல்ல அந்தப் படம் தேவைப்படுவதும் இல்லை.

எங்கே தேடுவது?

அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் ஜான் கிராபில் 1887 முதல் 1892 வரை எடுத்த படங்கள் நல்ல தரத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஸ்மித்சோனியனின் தேசிய மானிடவியல் ஆவணக் காப்பகத்தில் வாஷிங்டன் தூதுக்குழுக்களின் நெகட்டிவ்கள் இருக்கின்றன. பாரி படங்களுக்கு டென்வர் பொது நூலகம். நெப்ராஸ்கா, இரண்டு டக்கோட்டா மாநிலங்களின் வரலாற்றுச் சங்கங்களையும் விட்டுவிடாதீர்கள். பெயரைப் பல எழுத்துக்கூட்டலில் தேடுங்கள். கிராபில் தன் படங்களில் நெகட்டிவ் மேலேயே தலைப்பு எழுதுவார், எழுத்துப்பிழையும் தாராளமாக வரும். கிராமம் என்று எழுத வந்து 'வில்லா' என்று எழுதிய புகழ்பெற்ற படம் ஒன்று இருக்கிறது.

எல்லாம் பார்த்த பிறகும் ஆள் யார் என்று தெரியவில்லை. படத்துக்குக் கீழே என்ன எழுத?

தெரிந்ததை மட்டும். உதாரணத்துக்கு, போன மாதம் ஒரு கேபினட் கார்டுக்கு நான் எழுதியது இது: 'பெயர் தெரியாத லக்கோட்டா ஆண். பாரி ஸ்டூடியோ அட்டை, சுப்பீரியர் நகர், 1890-க்குப் பிந்தைய பிரதி. முட்டை வடிவப் பதக்கம் தெரிவதால் படம் 1877-க்குப் பின் எடுத்தது. பின்பக்கம் பென்சிலில் சிட்டிங் புல் என்று வேறொரு கை எழுதியிருக்கிறது. காது பொருந்தவில்லை.'

அனுப்பியவருக்கு ஏமாற்றம்தான். அட்டையை வாங்கிக்கொண்டு, "அப்போ இவர் யார் சார்?" என்று மறுபடியும் கேட்டார்.